அக்கா வீட்டு கரண்ட் பில்

எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வீடுதான். ஆஸ்திரேலியாவில், மெல்பனுக்கு மேற்கே, வெரிபீ தாண்டிப் புதிதாக மனை பிரித்த இடம் அது. இரண்டு வீட்டையும் கட்டியது ஒரே நிறுவனம், வரைபடமும் ஒன்றே. எங்களுக்கு இடப்பக்கம் இருக்கும் சமையலறை அவர்களுக்கு வலப்பக்கம், அவ்வளவுதான் வித்தியாசம். குடி வந்ததும் ஒரே மாதத்தில்.

அக்கா என் உடன்பிறந்தவர் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தார். அவருடைய கணவர் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். என் கணவர் மென்பொருள் பொறியாளர். நான் மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். யார் என்ன வேலை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்வது அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பட்ட பொறாமையில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மறைத்தால் மீதிக் கதையில் உண்மை இருக்காது.

எங்கள் தெருவுக்கு எரிவாயு இணைப்பு கிடையாது. அடுப்பு, வெந்நீர், வீட்டைச் சூடாக்குவது எல்லாமே மின்சாரத்தில். கூரைக்குள் ஒரு இயந்திரம் படுத்திருக்கும். அதிலிருந்து தலையணை போலத் தடித்த வெள்ளிநிறக் குழாய்கள் அறைக்கு அறை போகும். சீலிங்கில் உள்ள சதுர ஓட்டைகள் வழியாகச் சூடான காற்று இறங்கும். வீட்டை விற்றவர் இதைப் பெருமையாகக் காட்டினார். சிக்கனமானது, சுற்றுச்சூழலுக்கு நல்லது என்றார். திருச்சி வெயிலில் வளர்ந்த எனக்கு, காற்று எங்கிருந்து வந்தால் என்ன, சூடாக வந்தால் போதும் என்றிருந்தது.

முதல் குளிர்காலம் முடியும் தறுவாயில் மூன்று மாத பில் வந்தது. ஆயிரத்து நானூறு டாலர். என் கணவர் லேப்டாப்பைத் திருப்பி என் பக்கம் காட்டினார்.

"புள்ளி எதாவது தப்பா விழுந்திருக்கான்னு பாரு."

புள்ளி சரியாகத்தான் இருந்தது. பில்லில் ஒரு சின்னப் படம் வேறு போட்டிருந்தார்கள். எங்களைப் போல மூன்று பேர் உள்ள வீட்டுக்கு ஒரு குட்டைக் கம்பம், எங்களுக்கு ஒரு நெட்டைக் கம்பம். எங்கள் கம்பம் கட்டத்தைத் தாண்டி எழுத்தை இடித்துக்கொண்டு நின்றது.

என் கணவர் வீட்டிலிருந்து வேலை செய்பவர், அதனால் பகல் முழுக்க ஹீட்டர் ஓடுகிறது என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். ஆனால் அது ஓடியும் வீடு சூடாகவில்லை என்பதுதான் வேடிக்கை. இருபத்திரண்டு என்று வைத்தால், சுவரில் இருந்த சின்னத் திரை பதினேழுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்றது. காலையில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும். அதைத் துடைக்கவே ஒரு துண்டு ஒதுக்கி வைத்திருந்தேன்.

அதே வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகளைக் கூட்டிவர அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவின் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு.

"உள்ளுக்கு வாங்கோ, ஏன் வாசல்லயே நிக்கிறீங்கள்?" என்று அக்கா கதவைத் திறந்தார். அரைக்கை சட்டை போட்டிருந்தார். காலில் ஒன்றும் இல்லை.

உள்ளே நுழைந்ததும் கதகதப்பு முகத்தில் வந்து பட்டது. என் மகள் ஜாக்கெட்டைக் கழற்றிக் கதவோரம் எறிந்துவிட்டு டைல்ஸ் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அந்தத் தரையில் சாக்ஸ் இல்லாமல் நின்றால் கால் விறைத்துப் போகும். ஜன்னல் கண்ணாடி துடைத்து வைத்தது போலக் காய்ந்திருந்தது. ஜன்னலோரம் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை, குளிர்காலம் என்பதே தெரியாமல் தளிர் விட்டிருந்தது. என் கறிவேப்பிலை குளிர் தொடங்கிய ஜூன் மாதமே செத்துப்போனது.

சமையலறைக்குள் கூட்டிப்போனார். மேடையில் ஒரு பெரிய சட்டியில் தோசை மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. என் வீட்டில் இட்லி மாவு இரண்டு நாள் ஆனாலும் அரைத்து வைத்தபடியே கிடக்கும். மின்சார ஓவனுக்குள் விளக்கைப் போட்டு, அதற்குள் பாத்திரத்தை வைத்துப் பார்த்தேன். அதுவும் கரண்டுதானே என்று என் கணவர் அதையும் நிறுத்திவிட்டார்.

தேநீர் ஊற்றிக்கொண்டே அக்கா கேட்டார். "கரண்ட் பில் வந்திட்டுதோ உங்களுக்கு?"

"வந்துச்சுக்கா. உங்களுக்கு?"

"ஐந்நூறு கூட வரேல்லை. அதுக்கே இவர் புறுபுறுக்கிறார். உங்களுக்கு எவ்வளவு?"

தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி, "எங்களுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்க்கா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. நாங்கள் படித்தவர்கள், இரண்டு சம்பளம், எதையும் கணினியில் அட்டவணை போட்டுப் பார்க்கிறவர்கள். அப்படிப்பட்ட நாங்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு மூன்று மடங்கு கட்டுகிறோம் என்று அவர் முன்னால் ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. அக்கா, "அப்ப பரவாயில்லை" என்று சொல்லி, ஒரு டப்பாவில் மாவு போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அந்த டப்பா கையில் சூடாக இருந்தது, அதுவும் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"ஐந்நூறா? அதே வீட்டுக்கா? அவங்க ஹீட்டரே போடாம இருப்பாங்க."

"நான் உள்ள போய் நின்னுட்டு வந்தேங்க. வெயில் காலம் மாதிரி இருக்கு."

அன்றிலிருந்து வீட்டில் கெடுபிடி ஆரம்பமானது. ஆள் இல்லாத அறைக்குக் கதவு சாத்த வேண்டும். குளியல் நாலு நிமிடம். துணி உலர்த்தும் இயந்திரத்துக்குத் தடை. என் கணவர் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு அலுவலகக் கூட்டங்களில் பேசினார். கேமராவை அணைத்தே வைத்திருப்பார். மகள் ஒருநாள் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து, "ஏம்மா அவங்க வீடு மட்டும் வார்மா இருக்கு? வீ ஹாவ் த சேம் ஹவுஸ்" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அவள்மேல் ஒரு தப்பும் இல்லை.

மின்சார நிறுவனத்துக்குப் போன் செய்தோம். எடுத்த பெண் மரியாதையாக, ஹீட்டரை இருபதில் வையுங்கள், திரைச்சீலை போடுங்கள் என்று சொன்னார். வேறு நிறுவனத்துக்கு மாறினோம். பழைய ஃபிரிட்ஜைத் தூக்கிப் போட்டோம். அடுத்த குளிர்கால பில்லில் நூறு டாலர்கூடக் குறையவில்லை.

அந்த இரண்டாவது குளிர்காலத்தில் என் பொறாமை புளித்துப் போய் வேறொன்றாக மாறியது. அக்காவிடம் எதைப் பார்த்தாலும் எனக்குக் கணக்காகத் தெரிந்தது. அவர் பிள்ளைக்குப் புது சைக்கிள் வாங்கினால், அது எங்கள் கரண்ட் பில் காசு என்று தோன்றும். அவர்கள் விடுமுறைக்கு கடற்கரைப் பக்கம் போனால், எங்களால் ஏன் போக முடியவில்லை என்று தோன்றும். வேலையிலிருந்து வரும்போது அவர்கள் வீட்டைத் தாண்டித்தான் காரைத் திருப்ப வேண்டும். மஞ்சள் வெளிச்சமும் காய்ந்த ஜன்னலும் கண்ணில் படும். ஒருநாள் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவள் போல நடந்து, அவர்கள் வீட்டுப் பக்கச் சுவரில் இருந்த மீட்டர் பெட்டியையே நின்று பார்த்தேன். மூடிக்குப் பின்னால் ஒரு எண் மாறி மாறி வந்தது. அதில் எனக்கு என்ன தெரியப் போகிறது? ஆனாலும் நின்றேன். உள்ளேயிருந்து அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டதும் ஓடிவந்துவிட்டேன்.

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி நடக்கும். பிள்ளைகள் வகுப்பில் இருக்க, அம்மாக்கள் நடைபாதையில் காத்திருப்போம். அங்கே சென்னைப் பெண் ஒருவர் எனக்குப் பழக்கம். கரண்ட் பில் பேச்சு வந்தது. அவர்களுடையது பழைய வீடு, எரிவாயு ஹீட்டர். நான் அக்கா வீட்டு பில்லைச் சொன்னேன்.

"அவ்வளவு கம்மியா? எப்படி?" என்றார் அவர்.

நான் தோளைக் குலுக்கினேன். "மீட்டர்ல ஏதாவது பண்ணியிருப்பாங்களோ என்னவோ. அக்கா வீட்டுக்கார அண்ணாவுக்கு ரிப்பேர் வேலை எல்லாம் தெரியும்."

சொல்லும்போதே அது பொய் என்று தெரியும். அந்த மீட்டரெல்லாம் தானாகவே கணக்கை அனுப்பிவிடுகிற வகை, அதில் யாரும் கை வைக்க முடியாது. தெரிந்தும் சொன்னேன். சொன்னதும் ஒரு நிம்மதி வந்தது. அவர்களுடைய கதகதப்பு திருட்டுச் சரக்கு என்றால் என் குளிர் நேர்மையானது அல்லவா? காரில் திரும்பும்வரை அந்த நிம்மதி இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை பிற்பகல், அழைப்பு மணி அடித்தது. அக்கா நின்றிருந்தார். கையில் ஒரு தாள், மடித்தது. சிரிக்கவில்லை.

"உள்ள வாங்கக்கா."

வந்தார். குளிருக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டார், ஆனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தாளைச் சமையல் மேடையில் விரித்தார். அவர்கள் வீட்டு மின்சார பில்.

"பாருங்கோ. நாங்கள் மீற்றரிலை விளையாடுறம் எண்டு நீங்கள் சொன்னதாக் கேள்விப்பட்டன்."

அடுத்த அறையில், சனிக்கிழமையும் விடாத அலுவலகக் கூட்டத்தில் என் கணவர் பேசிக்கொண்டிருந்த குரல் மட்டும் தூரத்தில் கேட்டது.

"அக்கா, நான் சும்மா..."

"சும்மா சொல்லுற விசயமோ அது?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து விசாப் பேப்பர் கிடைக்கிறதுக்கு எத்தினை வருசம் காத்திருந்தனாங்கள் தெரியுமோ? ஒரு பார்க்கிங் தண்டம்கூட வரக்கூடாது எண்டு பயந்து பயந்து இருந்தனாங்கள். இவர் சிவப்பு லைற்றைக் கண்டா அரை மைல் தூரத்திலயே பிரேக் போடுறவர். அவரைப் போய்க் கள்ளன் எண்டு சொல்லியிருக்கிறீங்கள்."

நான் அழ ஆரம்பித்தேன். அவர் என்னைத் தேற்றவில்லை. அழுது முடியும்வரை மேடையில் கைவைத்து நின்றார். பிறகு கேட்டார்.

"உங்கட பில்லைக் காட்டுங்கோ."

போனில் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போனைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். முகம் மாறியது.

"இதென்ன? போன வருசம் நான் கேட்க, எங்களைப் போலத்தான் எண்டு சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன்க்கா."

"ஏன்?"

நான் போனை வாங்கி மேடையில் கவிழ்த்து வைத்தேன். அவர் தலையை நிமிர்த்தி, சீலிங்கில் இருந்த சதுர ஓட்டையைப் பார்த்தார். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, அதன் முன்னால் கையை வைத்தார். ஹீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"காத்தே வரேல்லை. ஐயோ, தங்கச்சி. இது எங்களுக்கு வந்த அதே பிரச்சினை."

அவர்கள் வீட்டிலும் முதல் குளிர்காலத்தின் ஆரம்பத்தில் வீடு சூடாகவில்லையாம். எலிச் சத்தம் கேட்கிறது என்று அண்ணா கூரைக்குள் ஏறிப் பார்த்திருக்கிறார். எலி இல்லை. பெரிய குழாய் ஒன்று இயந்திரத்திலிருந்து கழன்று கிடந்திருக்கிறது. போட்டவர்கள் சரியாக இறுக்காமல் விட்டுப் போயிருக்கிறார்கள். புகார் செய்ததும் வந்து ஒரு மணி நேரத்தில் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள்.

"நீங்கள் அண்டைக்கு உள்ளதைச் சொல்லியிருந்தா அண்டைக்கே இவர் வந்து பார்த்திருப்பார்" என்றார் அக்கா.

திருட்டு என்று சொன்னதற்காக வந்த வெட்கத்தைவிட இது என்னைப் பலமாகத் தாக்கியது. இரண்டு குளிர்காலம். என் மகள் போர்வையோடு வீட்டுப்பாடம் எழுதிய இரண்டு குளிர்காலம். ஒரே ஒரு பொய்யால்.

அக்கா போன் செய்தார். அரை மணி நேரத்தில் அண்ணா வந்தார். கையில் டார்ச், முகத்தில் மாஸ்க், பழைய கால்சட்டை. அவருக்கு நான் சொன்னது தெரியும் என்பது, என் முகத்தைப் பார்க்காமல் என் கணவரிடமே பேசியதில் தெரிந்தது. என் கணவருக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. கூட்டத்தை முடித்துவிட்டு வந்து, என் வீங்கிய கண்ணையும் ஏணியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணா துணி துவைக்கும் அறைக்கு மேலே இருந்த பலகையைத் தள்ளி உள்ளே ஏறினார். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது.

"தம்பி, மேல வந்து பாரும். இஞ்சை கொழும்பு வெக்கை மாதிரிக் கிடக்கு!"

என் கணவர் ஏறினார். நானும் ஏணியில் பாதிவரை ஏறித் தலையை நீட்டினேன். நாங்கள் இரண்டு வருடமாகக் காசு கொடுத்து வாங்கிய சூடு முழுக்க அங்கே இருந்தது. மரச்சட்டங்களுக்கு நடுவே தடித்த வெள்ளிக் குழாய் ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதிலிருந்து வந்த சூடான காற்றில் தூசி பறந்தது. என் முகம் வியர்த்தது. கீழே என் கால் குளிர்ந்துகொண்டிருந்தது.

"நான் கை வைக்க மாட்டன்," என்றார் அண்ணா. "படம் மட்டும் எடுக்கிறன். வாரண்டி இருக்கு. அவையள் வந்துதான் செய்யோணும். நாங்கள் தொட்டா, நாங்கள்தான் கழட்டினது எண்டு சொல்லுவினம்."

இறங்கி வந்து கை கழுவினார். நான் அவர் முன்னால் போய் நின்றேன். "அண்ணா, நான் சொன்னது தப்பு. மன்னிச்சுருங்க."

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, "சரி, விடுங்கோ" என்றார். மன்னித்தார் என்று என்னால் சொல்ல முடியாது. பேச்சை முடித்தார், அவ்வளவுதான்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அக்கா சொன்னார். "ஆரிட்டைச் சொன்னீங்களோ, அவவிட்டைப் போய் இதையும் சொல்லோணும். அது உங்கட வேலை."

அன்றிரவு கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்துபோய் ஹீட்டரை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "எனக்கும் அப்படி ஒரு நினைப்பு வந்துச்சு," என்றார் கடைசியில். "நான் வெளிய சொல்லலை."

அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி நடைபாதையில் சென்னைப் பெண்ணை ஓரமாகக் கூப்பிட்டு, குழாய் கழன்ற கதையைச் சொன்னேன். நான் சொன்னது பொய், வயிற்றெரிச்சலில் சொன்னேன் என்றும் சொன்னேன். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்வது கடினமாக இருந்தது. அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, "எனக்கு அப்பவே நம்பிக்கை இல்லப்பா" என்றார். நம்பாமலேயேதான் அது அக்கா காதுவரை போயிருக்கிறது. அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

கட்டிய நிறுவனத்துக்குப் படங்களை அனுப்பினோம். நாலைந்து மின்னஞ்சல், இரண்டு போன் பேச்சு. மூன்றாவது வாரம் ஒரு பையோடு இளைஞர் ஒருவர் வந்தார். கூரைக்குள் ஏறி, குழாயை இழுத்துப் பொருத்தி, பட்டை போட்டு இறுக்கி, பிசின் நாடா சுற்றினார். காற்றை உள்ளிழுக்கும் குழாயிலும் ஒரு கிழிசல் இருந்ததாம், அதையும் அடைத்தார். அவர் போன ஒரு மணி நேரத்தில் சுவரில் இருந்த எண் இருபத்திரண்டுக்கு வந்து நின்றது. இயந்திரம் தானாக அடங்கியது. அந்த வீட்டில் அப்படி ஒரு நிசப்தத்தை நாங்கள் கேட்டதே இல்லை. மகள் ஜாக்கெட்டைக் கழற்றித் தரையில் போட்டாள். எடுத்து மாட்டு என்று நான் சொல்லவில்லை.

அடுத்த வருடக் குளிர்கால பில் ஐந்நூற்றைம்பது வந்தது. நான் நேராக அக்கா வீட்டுக்குப் போய் போனைக் காட்டினேன். அக்கா தன்னுடையதைக் காட்டினார். நானூற்று எண்பது. எழுபது டாலர் வித்தியாசம். உள்ளுக்குள் ஏதோ ஒன்று சுருக்கென்று குத்தியது. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"தம்பி வீட்டிலயிருந்து வேலை செய்யுறவர் எல்லோ," என்றார் அக்கா. "அதுதான் கூட. நீர் ஏன் முகத்தைத் தூக்கிறீர்?"

அவர் என்னை 'நீர்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரை 'நீங்கள்'தான். மரியாதை குறைந்துவிட்டதோ என்று வீட்டுக்கு வரும்வரை யோசித்தேன். பிறகு யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தியிடம் வேலையிடத்தில் கேட்டேன். தங்களுக்குள் நெருக்கமானவர்களை, அல்லது வயதில் சின்னவர்களை அப்படிச் சொல்வது உண்டு என்றாள். இரண்டில் எது என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் அவர்கள் கூரையில் சூரியத் தகடுகள் ஏறின. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் ஏணியில் நின்று கறுப்புப் பலகைகளை மேலே தூக்கினார்கள். அண்ணா கீழே நின்று எண்ணிக்கொண்டிருந்தார். காரில் சாவியைப் போட்டபடி நானும் எண்ணினேன். பதினாறு. வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல், அதே இடத்தில், அப்படியே வந்து உட்கார்ந்தது. நான் காரை அணைத்துவிட்டு இறங்கினேன். நடுவில் இருந்த வீட்டின் புல்தரையைத் தாண்டிப் போனேன்.

"எவ்வளவு ஆச்சுண்ணா?" என்று கேட்டேன்.

அண்ணா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு விலையைச் சொன்னார். எனக்கு அது அதிகமாகத் தெரிந்தது, எங்களிடம் இப்போது அவ்வளவு இல்லை என்று சொன்னேன். "தவணை முறை இருக்கு," என்றார். "பின்னேரம் தம்பியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, பேப்பரைக் காட்டுறன்."

எனக்கு ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க நேரமாகிவிட்டது. வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் காருக்கு ஓடினேன்.